நாலாவது டேட்டாபேஸும் மஞ்சள் அட்டையும்

கம்ப்யூட்டர் தொழிலில் ஓசியில் கிடைக்கிற சாமானுக்குத்தான் உழைப்பு அதிகம். இதே தொழிலில் மாட்டிக்கொண்டவர்களுக்கு இதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மற்றவர்கள் என் வயிற்றெரிச்சலைக் கேட்டுவிட்டுப் போங்கள்.

மஞ்சள் அட்டை

ஜூஜுவாடிப் பக்கம் வண்டி உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலையில் ஆறு வருஷமாகக் கான்ட்ராக்ட்டில் இருக்கிறேன். நிரந்தர ஆட்களுக்குக் கழுத்தில் நீல அட்டை, எங்களுக்கு மஞ்சள். கேன்டீனில் வரிசைகூட வேறு.

ஒவ்வொரு பீஸும் சோதிக்கப்பட்டதா என்று பதிந்துவைக்கும் மென்பொருளை எழுதியவள் நான். பல நாட்டுக்காரர்கள் சேர்ந்து எழுதி, யாரும் சும்மா எடுத்துக்கொள்ளலாம் என்று இணையத்தில் வைத்திருக்கும் ஒரு லைப்ரரியின் மேல் அதைக் கட்டியிருந்தேன். நம் மென்பொருளுக்கும் தகவலைச் சேர்த்துவைக்கும் டேட்டாபேஸுக்கும் நடுவே தரகர் வேலை பார்ப்பதுதான் அந்த லைப்ரரி. அதற்கு மூன்று டேட்டாபேஸோடு பேசத் தெரியும். ஹெட் ஆபீஸ் வாங்கி அனுப்பியதோ நாலாவது ஒன்றை.

மேனேஜர் கூப்பிட்டார். வாக்குக் கொடுப்பதில் வஞ்சனையே இல்லாத மனிதர். “நாமளா ஒட்டுப்போட்டா ஆடிட்ல கேள்வி வரும். அந்த லைப்ரரிக்காரங்களையே நாலாவதை ஏத்துக்க வைம்மா, பர்மனென்ட் லிஸ்ட்ல உம் பேருதான் ஃபர்ஸ்ட்டு.”

கேட்காத உதவி

தானமாய் வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். நான் பார்த்ததோடு நிற்காமல் இல்லாத பல்லையும் கட்டிவிட்டேன். தேன்கனிக்கோட்டை பஸ்ஸில் இடம் கிடைத்த நாளெல்லாம் மடியில் லேப்டாப், ஞாயிற்றுக்கிழமையெல்லாம் அடுப்படி மேடையில் லேப்டாப். குழந்தையின் பள்ளி ஆண்டு விழாவுக்குக்கூடப் போகவில்லை, அது இன்னும் உறுத்துகிறது. நாலாவதோடு பேசும் பகுதியை எழுதி முடித்து, லைப்ரரிக்காரர்களின் சோதனைகள் எல்லாவற்றிலும் தேறி, அவர்களுக்கு அனுப்பினேன்.

இரண்டு மாதம் மூச்சே இல்லை. பிறகு, ஏதோ குளிர் நாட்டில் உட்கார்ந்து அந்த லைப்ரரியைக் காவல் காக்கும் பெரியவரிடமிருந்து ஆங்கிலத்தில் ஒரு வரி வந்தது. தமிழில் சொன்னால் இவ்வளவுதான்: “நன்றி. ஆனால் இதை யாரும் கேட்கவில்லையே?”

நாகரத்னக்காவின் காலிக் கட்டம்

பெரியவர் சம்மதிக்கும்வரை சும்மா இருப்பானேன் என்று எங்கள் தொழிற்சாலையிலேயே ஒருநாள் ஓட்டிப் பார்த்தோம். பீஸ்களைச் சோதிப்பவர் நாகரத்னக்கா. அவர் கையில் ஒரு வழக்கம் உண்டு. பழுது இருந்தால் அதன் எண்ணை அடிப்பார். பழுது இல்லையென்றால் கட்டத்தைக் காலியாக விட்டு என்டரைத் தட்டிவிடுவார். பழைய டேட்டாபேஸ், காலியாக விட்டதை வேறாகவும் யாரும் தொடாததை வேறாகவும் வைத்துக்கொள்ளும். புதியதற்கு இரண்டும் ஒன்று. அந்த வித்தியாசத்தை லைப்ரரியின் சோதனைகள் கேட்கவே இல்லை, எனக்கும் உறைக்கவில்லை.

மதியத்துக்குள் நல்ல பீஸ் அத்தனையும் திரையில் ‘சோதிக்கவில்லை’ என்று சிவப்பில் நின்றன. லாரி கேட்டிலேயே மறிக்கப்பட்டது. சூப்பர்வைசர் எல்லார் முன்னாலும் நாகரத்னக்காவைத் திட்டினார். தப்பு என்னுடையது என்று நான் வாயைத் திறப்பதற்குள் அக்காவின் கண் கலங்கிவிட்டது. வீட்டில் கன்னடம் பேசுகிறவர், கோபம் வந்தால் அதில் தொடங்கித்தான் தமிழுக்கு வருவார்.

“ஏனம்மா இது? காலைலருந்து நின்னு நின்னு பாத்த பீஸை பாக்கவே இல்லேன்னு சொல்லுது உன் மெஷினு, அப்ப எங் கண்ணு என்ன பொய்யா?”

பொறுப்பாளர்

காலியாக விட்டதற்கு உள்ளுக்குள் ஓர் அடையாளம் வைத்து எழுதி, அதற்கென்று தனிச் சோதனையும் சேர்த்தேன். அந்தச் சோதனைக்கு ‘நாகரத்னா’ என்றே பெயர் வைத்தேன். அதைப் பார்த்துத்தானோ என்னவோ, பெரியவர் இறங்கி வந்தார். புதிய பதிப்பில் நாலாவது டேட்டாபேஸ் சேர்ந்தது. கீழே என் பெயர். பஸ்ஸில் நின்றபடியே அதை நாலு தடவை படித்தேன், சந்தோஷமாகத்தான் இருந்தது.

அந்தப் பகுதிக்கு என்னையே பொறுப்பாளராகவும் போட்டுவிட்டார்கள். சம்பளமில்லாத பொறுப்பு. அடுத்த வாரமே எந்த ஊர் என்றுகூடத் தெரியாத ஒருவர் எழுதினார்: “உங்கள் குளறுபடியால் என் விடுமுறை வீணாகிவிட்டது. எப்போது சரிசெய்வதாக உத்தேசம்?”

லிஸ்ட்

நிரந்தர லிஸ்ட் நோட்டீஸ் போர்டில் ஒட்டப்பட்டது. மேலிருந்து கீழே படித்தேன், கீழிருந்து மேலே படித்தேன். என் பெயர் இல்லை. மேனேஜர் மீட்டிங்கில் இருந்தார். அன்றைக்கு முழுக்க மீட்டிங்கில்தான் இருந்தார்.

ஆள் எடுக்கும் அதிகாரியிடம் போனேன். எழுதியதையெல்லாம் லைப்ரரியின் பக்கத்திலேயே திறந்து காட்டினேன். பொறுமையாகத்தான் பார்த்தார். ஹெட் ஆபீஸில் தன்னிடம் சொன்னதையே அவர் எனக்கும் சொன்னார். மஞ்சள் அட்டையைப் பிடித்துக்கொண்டு கேட்டேன்.

“இது ஃப்ரீயா டவுன்லோட் ஆகுதே மேடம், இதுக்கு எதுக்கு ஒரு ஆளு?”

அடுத்த தடவை எதையாவது எழுதினால், பாதியை உடைசலாக எழுதிவிட்டு மீதியை என் தலைக்குள்ளேயே பூட்டி வைத்துக்கொள்வதாக இருக்கிறேன்.