குடைப்பிடியைக் கடித்த வாத்தியார்

விழிஞ்ஞம் போகிற பஸ்ஸில் என் இருக்கையை ஒட்டி ஒருவர் நின்றிருந்தார். ஒல்லியான உடம்பு, துவைத்து வெளுத்த சட்டை. கையிலிருந்த குடையின் பிடியை அடிக்கடி கடித்துக்கொண்டார். அதில் நிறையப் பல் தடம் இருந்தது. நான் பார்ப்பதைக் கண்டு சிரித்தார்.

"முன்னால நிக்கிற அஞ்சு பிள்ளைங்களுக்கும் நான் வாத்தியார். கணக்குல எல்லாம் புலிங்க. இன்னிக்கு அவங்களே மீன் வாங்கி, ஸ்கூல்ல சமைச்சு எல்லாருக்கும் தட்டுல விளம்பணும். அதுதான் ப்ராஜெக்ட். நான் வாய் திறக்கக் கூடாது."

துறைமுக நிறுத்தம் வந்தது. கேட்டால்தான் நிறுத்துவார்கள்.

"நீ சொல்லுடீ."

"நீ சொல்லேன்."

பிள்ளைகள் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டிருக்க, பஸ் தாண்டிப் போய்விட்டது. வாத்தியார் குடையை இன்னும் பலமாகக் கடித்தார். கடைசியில் ஒரு சின்னப் பெண் கண்ணை மூடிக்கொண்டு கண்டக்டரிடம், "சேட்டா, ஆளெறங்கணும்!" என்று கத்தினாள். பஸ்ஸே சிரித்தது. அவளும் சிரித்தாள். நாலு வீடு தள்ளி பஸ் நின்றது.

நானும் அவர்கள் பின்னால் இறங்கினேன்.

"அம்மச்சிக்கு எங்கே போகணும்?" என்று கேட்டார் வாத்தியார்.

"மக வீட்டுக்கு. இப்ப விட்டுப்போன ஸ்டாப்புதான்."

"பின்னே ஏன் சொல்லல?"

"எப்பவும் வேற யாராவது சொல்லுவாங்க சார். எனக்குக் கூச்சம்."

"அப்போ அம்மச்சியும் நம்ம க்ளாஸ்தான். திரும்பிப் போறப்போ நீங்கதான் கண்டக்டரைக் கூப்பிட்டு நிறுத்தணும், கேட்டோ."

சாயங்காலம் திரும்பி வருகையில் நானே கூப்பிட்டேன். பஸ் நின்றது. குடைப்பிடியைக் கடிக்காமல் நின்று அதைக் கேட்க வாத்தியார்தான் அங்கே இல்லை.