பூட்ஸுக்குள் நுழையாத கால்

திமிராம்! கல்நெஞ்சாம்! ஒரு பொட்டலத்தைப் பிரிக்காமல் வைத்ததற்கு சுய்-ஹாய்க்கு எங்கள் துறைமுகத் தெரு கொடுத்த பட்டம் இது. யார் சொன்னாலும் சொல்லட்டும், பொய் பொய்தான்.

எங்கள் ஊர் தொங்காங் ஏலச் சந்தையில் சூரை மீன் இழுக்கிறவர் அவர். அந்தக் கோடையில் கால் பெருவிரல் சிவந்து வீங்கி, போர்வை உரசினாலே உயிர் போனது. ரப்பர் பூட்ஸுக்குள் கால் நுழையவில்லை. பூட்ஸ் இல்லாமல் சந்தைக்குள் விடமாட்டார்கள்.

எங்கள் தெருவில் ஒரு வீட்டில் குணம் தந்த மருந்து பக்கத்து வீட்டுக்கும் போகும், சூப் போவதுபோல. எதிர்வீட்டு சியோக்-இங் தன் புருஷனின் மிச்ச மாத்திரைகளைப் பொட்டலமாக மடித்து எடுத்து வந்தாள்.

"இந்தா தம்பி, இதை முழுங்கித்தான் எங்க வீட்டு மனுஷன் எழுந்து நடந்தாரு."

இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். வாயில் போடவில்லை. காலையில்தான் டாக்டர் ரத்தம் எடுத்துவிட்டு எச்சரித்திருந்தார்.

"யூரிக் அமிலத்தை இறக்குற மாத்திரை நல்லதுதான் அண்ணே. ஆனா நம்ம ஜனத்துல சில பேருக்குப் பிறப்பிலேயே அது ஆகாது. தோல் வெந்தமாதிரி உரிஞ்சு உசிரையே எடுத்துரும். ரத்த முடிவு வரட்டும். அதுவரைக்கும் வலிக்கு மட்டும் மருந்து."

மனைவி லீ-சூவுக்கே பொறுக்கவில்லை. "ஊரே முழுங்குது. உங்க ரத்தம் மட்டும் ராஜா வீட்டு ரத்தமா?"

"உரிஞ்சா என் தோல்தானேடி உரியும்?"

சாமி மேசையில் பொட்டலம் அப்படியே இருந்ததை சியோக்-இங் பார்த்துவிட்டாள். "நான் என்ன விஷமா குடுத்தேன்?" என்று போனவள்தான், தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள்.

முடிவு வந்த அன்று லீ-சூ பொட்டலத்தையும் கையோடு எடுத்துப்போனாள். டாக்டர் பிரித்துப் பார்த்தார்.

"இதேதான் அக்கா. இவருக்கு ஆகவே ஆகாத மாத்திரை."

லீ-சூ நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள். அழுதாள், உடனே சிரித்தாள். "வாயைப் பொளந்து திணிக்கத்தானே இருந்தேன், பாவி!" சுய்-ஹாய் தன் கையை ஒருதரம் தடவிப் பார்த்துக்கொண்டார். தோல் முழுசாக இருந்தது. டாக்டர் வேறு மாத்திரை எழுதினார். இனி எந்த ஆஸ்பத்திரியும் அந்த ஆகாத மாத்திரையைக் கொடுக்காதபடி மருத்துவக் காப்பீட்டு அட்டையிலும் பதிந்துவைத்தார்.

வீக்கம் மெல்ல மெல்லத்தான் வடிந்தது. பூட்ஸுக்குள் கால் முழுசாக இறங்கிய காலையில் அவர் நேரே எதிர்வாசலுக்குப் போய், இரண்டு கையாலும் பொட்டலத்தை நீட்டினார்.

"அக்கா, உங்க பாசத்துல குறையில்ல. என் உடம்புக்குத்தான் இது ஆகாது. தின்னிருந்தா செத்திருப்பேன்."

சியோக்-இங் முகம் வெளுத்தது. "அய்யோ! அப்ப எங்க வீட்டு மனுஷனுக்கு?"

"வருஷக்கணக்கா திங்கிறாரே, அவருக்கு ஒத்துக்கிச்சு. இனிமே வேற யாருக்கும் குடுக்காதீங்க."

பொட்டலத்தைப் பிடுங்கிக்கொண்டாள். "சரி சரி, போ. மீன் காத்துக்கிட்டிருக்கு."

பூட்ஸ் சரக் சரக்கென்று தேய, அவர் தெருவில் இறங்கி நடந்தார்.