வால் வேரில் வெள்ளை

கோவில்பட்டியில் காலை ஏழு மணிக்குத் திறந்துவிடும் பந்தயப் புறா, எதிர்காற்று இல்லாவிட்டால், எட்டு மணிக்குள் தூத்துக்குடி வீட்டு மாடியில் இறங்கிவிடும். பால்துரைக்கு இது நன்றாகத் தெரியும். இருந்தும் அந்த நவம்பர் காலையில் ஏழேகாலுக்கே மொட்டைமாடி ஏறிவிட்டார். தண்ணீர்த் தொட்டியின் மேல் கைவைத்து வடக்கே பார்த்தார். கீழே வந்தார். செருப்பைக்கூடக் கழற்றாமல் மறுபடி ஏறினார். மனைவி இன்பமணி டம்ளரில் ஊற்றி வைத்த காபி ஆடை படர்ந்து கிடந்தது.

எட்டரைக்கு ஒரு புறா வந்தது. உப்பளங்களின் மேலிருந்து தாழப் பறந்து வந்து, கூண்டுப் பலகையில் இறங்கி, நேரே தண்ணீர்த் தட்டுக்குப் போனது. அது செவிலி. மற்றப் புறாக்களின் முட்டையை அடைகாக்கவும் குஞ்சுக்கு இரை ஊட்டவும் வைத்திருந்த சந்தைப் பெட்டை. கூடைக்குள் இளம் புறாக்கள் பதறாமல் இருக்கட்டும் என்று அதையும் சேர்த்து அனுப்பியிருந்தார். அதன் பின்னால் வானம் வெறுமையாக இருந்தது.

மதியத்துக்குச் சற்று முன் கருநீலச் சேவல் கருப்பன் வந்தது. மற்றவை வரவில்லை. அன்றும் வரவில்லை, மறுநாளும் வரவில்லை.

பால்துரைக்கு ஊர் நாசரேத் பக்கம். துறைமுகச் சாலையில் ஒரு தனியார் தானியக் கிட்டங்கியின் எடைமேடையில் வேலை. மக்காச்சோளமும் கோதுமையும் ஏற்றிய லாரிகளை நிறுத்தி எடைபோட்டு அனுப்ப வேண்டும். வேலை நேரம் போக மிச்சமெல்லாம் புறாக்களுக்குத்தான். யாரிடமும் போய்ப் படித்ததில்லை. எந்தச் சேவலையும் எந்தப் பெட்டையையும் ஜோடி சேர்த்தால் எப்படிக் குஞ்சு வருகிறது என்று ஜோடி மாற்றி மாற்றிப் பார்த்தே கற்றுக்கொண்டவர். கண்ணின் நிறம், இறக்கையின் நீளம், மார்பெலும்பின் ஆழம் எல்லாம் தாய் தகப்பனிடமிருந்து எப்படி இறங்குகிறது என்று கையால் தடவியே சொல்லிவிடுவார். பல வருட உழைப்பில் ஒரு வம்சத்தை உருவாக்கியிருந்தார். கருநீல உடம்பு, கறுத்த வால், நடுவில் ஒரு புள்ளி வெள்ளை கிடையாது.

சாதாரணப் புறாக்கள் பலவற்றுக்கு முதுகு முடிந்து வால் தொடங்கும் இடத்தில் ஒரு வெள்ளைத் திட்டு இருக்கும். உட்கார்ந்திருக்கும்போது மடக்கிய இறக்கை அதை மூடிவிடும். பறக்கும்போதுதான் தெரியும். அந்த வெள்ளை தெரிந்தால் சந்தைப் புறாவின் ரத்தம் கலந்திருக்கிறது என்பது தூத்துக்குடிப் புறாக்காரர்கள் தீர்த்து வைத்திருந்த விஷயம். குஞ்சுக்கு இறகு முளைத்ததும் பால்துரை இறக்கையைத் தூக்கிப் பார்ப்பார். வெள்ளை இருந்தால் அடுத்த ஞாயிறு சந்தைக்குப் போய்விடும். தலைமுறை தலைமுறையாக இப்படிக் கழித்துக் கழித்துத்தான் அந்தக் கறுப்பு வால் வந்தது.

இன்னொரு சட்டமும் உண்டு. வராத புறா வழி தெரியாத புறா. அது தொலைந்ததற்கு வருந்தக் கூடாது. அதைப் பெற்ற ஜோடியையும் கூண்டில் வைக்கக் கூடாது. வழி தெரியாமை ரத்தத்திலேயே இருக்கும், அடுத்த ஈட்டுக் குஞ்சிலும் தலைகாட்டும். புறாப் பந்தயச் சங்கத்தின் செயலாளர் தங்கப்பாண்டி இதை வாய்ப்பாடு போலச் சொல்லுவார். அவருக்குப் பழைய பேருந்து நிலையத்தருகே தீவனக் கடை. புறாக்காரர்கள் கூடுமிடமும் அதுதான். பால்துரையைவிட மூத்தவர், வாய் சும்மா இருக்காது.

மூன்று பனிக்காலமாக இழப்பு கூடிக்கொண்டே வந்தது. பால்துரை சட்டப்படியே நடந்தார். தொலைந்தவற்றின் தாய் தகப்பனை எல்லாம் விற்றார். அப்படியே வம்சம் குறுகி, இப்போது அதில் மிச்சம் கருப்பன் ஒன்றுதான். கூண்டில் வேறு புறாக்கள் இருந்தன. ஆனால் அந்த வம்சத்தில் வேறில்லை. கருப்பனும் போய்விட்டால் இத்தனை வருடம் கையில் வைத்திருந்ததெல்லாம் ஒரு காலையில் போய்விடும். ஜனவரியிலோ விழுப்புரத்திலிருந்து பெரிய பந்தயம். கருப்பனை விடுவதாகச் சங்கத்தில் முன்பே சொல்லியிருந்தார்.

எடைமேடை அறைக்குப் பக்கத்தில் உயரமான விளக்குக் கோபுரம் ஒன்று உண்டு. அதில் ஒவ்வொரு வருடமும் மழைக்காலத்தில் வந்து, வெயில் ஏறும்போது போய்விடும் வல்லூறு ஒன்று உட்காரும். லாரிகளிலிருந்து சிந்தும் தானியத்துக்கு அங்கே பெரிய புறாக்கூட்டம். அதில் ஒன்றிரண்டை வல்லூறு தூக்குவதைப் பால்துரை பலமுறை கண்டிருக்கிறார். அது துறைமுகத்துப் புறாக்களின் பாடு என்று விட்டுவிட்டார்.

டிசம்பர் முதல் வாரம் பெரிய மழை. எடைமேடை அறையின் தகரக் கூரையில் தண்ணீர் தேங்கி ஒழுகியது. அடைப்பை எடுக்க ஏணி வைத்து ஏறினார். ஓரத்துக் குழாய் வாயில் இறகும் எலும்பும் மண்டிக் கிடந்தன. கோபுரத்தில் உட்கார்ந்து தின்றதன் மிச்சம். கையை விட்டு அள்ளியபோது சுள்ளி போல ஒரு புறாக்கால் வந்தது. அதில் வளையம். வளையத்தில் அவர் பெயரின் முதலெழுத்து.

ஏணியிலேயே நின்றுவிட்டார். கீழே ஒரு லாரிக்காரர் ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டு, பிறகு இறங்கி வந்து ஏணியைப் பிடித்துக்கொண்டார். பால்துரை மறுபடி கையை விட்டார். இன்னொரு வளையம். அதற்கடியில் நிறம் மங்கிய இன்னொன்று, முந்தின வருடத்தது.

அவை வழி தவறவில்லை. கோவில்பட்டியிலிருந்தும் மதுரையிலிருந்தும் சரியாக வழி கண்டுபிடித்து, வீட்டுக்குக் கூப்பிடு தூரத்தில் வந்து பிடிபட்டிருந்தன. வழி நன்றாகத் தெரிந்த புறாக்களின் தாய் தகப்பனைத்தான் அவர் சந்தையில் விற்றிருந்தார்.

அதன்பிறகு அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. லாரி மேடை ஏறும் இடைவெளியிலெல்லாம் தலை மேலேயே இருந்தது. வல்லூறு எப்போது எழும்புகிறது, எந்தப் பக்கம் போகிறது, எதைத் துரத்துகிறது என்று பார்த்தார். வெறுங்கையோடு திரும்பிய நேரங்களை முக்கியமாகப் பார்த்தார். பின்னாலிருந்து, மேலிருந்து கல் விழுவது போல விழும். கடைசி நொடியில் புறா ஒரு இறக்கையைச் சாய்த்துப் புரண்டு விலகும். எல்லாப் புறாவும் புரளத்தான் செய்தது. ஆனால் வால் வேரில் வெள்ளை உள்ளது புரளும்போது அந்த வெள்ளை பளிச்சென்று மின்னி அணைந்தது. வல்லூறு அந்த மின்னலைக் குறிவைத்துப் பாய்ந்து, காலியான இடத்தைக் கடந்து போனது. கறுப்பு வால் புரளும்போது ஏமாற்ற எதுவும் மின்னவில்லை.

பிறகு துறைமுகக் கூட்டத்தையே பார்த்தார். சத்தம் கேட்டுக் கூட்டம் முழுவதும் எழும்பியபோது ஏறக்குறைய எல்லா முதுகிலும் வெள்ளை. பழைய பேருந்து நிலையத்தில் போய்ப் பார்த்தார். அங்கே வெள்ளையும் உண்டு, இல்லாததும் உண்டு, கலந்து கிடந்தன. அங்கே வல்லூறு வேட்டையாடுவதில்லை. அவர் வீட்டுக் கூண்டில் கழித்துப் போட்டதையே துறைமுகத்தில் வல்லூறு மிச்சம் வைத்திருந்தது.

ஆனால் அவசரப்பட்டு எதையும் நம்புகிறவர் அல்ல. துறைமுகப் புறாவுக்கு வல்லூறு பழகியிருக்கலாம். வெள்ளை உள்ளது வேறு ஏதோ காரணத்தால் நன்றாகப் புரளலாம். வெள்ளையை மட்டும் தனியே பிரித்துப் பார்க்க வழி வேண்டும். ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்து வந்ததும், கூண்டில் இருந்த மற்றப் புறாக்களைப் பிடித்து உட்கார்ந்தார். பாதிக்கு வால் வேரில் உதிர்ந்த வெள்ளை இறகுகளைப் பசை வைத்து ஒட்டினார். மறுபாதிக்கும் அதே பசையால் கறுப்பு இறகை ஒட்டினார். பசையின் கனம் இரண்டுக்கும் ஒன்றாக இருக்க வேண்டுமே.

இன்பமணி துணி காயப்போட வந்தவள் பார்த்துவிட்டு, இதுகளுக்குக் கல்யாணமா என்று கேட்டாள்.

ஒட்டப்பிடாரத்திலிருந்து பலமுறை விட்டுப் பார்த்தார். வித்தியாசம் பெரிதில்லை. ஆனால் ஒவ்வொரு தடவையும் ஒரே பக்கம் சாய்ந்தது. கறுப்பு ஒட்டியவற்றில்தான் வராதது கூடுதல். கறுப்பு ஒட்டியவற்றைத் தெரிந்தே வல்லூறின் பாதையில் விட்டோம் என்பது அவரைத் தூங்கவிடவில்லை. நாலாவது தடவைக்குப் பிறகு நிறுத்திவிட்டார்.

பந்தயம் நெருங்கியது. பால்துரையின் மனதில் ஒரு ஆசை ஓடியது. கருப்பனுக்கும் வெள்ளையை ஒட்டி விட்டுப் பார்த்தால் என்ன? சாப்பிடும்போது இன்பமணியிடம் சொன்னார். அவள் குழம்பை ஊற்றிக்கொண்டே யோசித்தாள்.

“இந்தத் தடவை தப்பிச்சிரும்னே வைங்க. இறகு உதுந்தா வெள்ளையும் போயிரும்லா?”

“போயிரும்.”

“குஞ்சுக்கும் வராது.”

“எப்படி வரும்?”

“அதான். எங்க அப்பாவுக்குப் பூரா கட்டுன பல்லு. நான் என்ன பல்செட்டோடயா பொறந்தேன்?”

பால்துரை சிரித்தார். சிரித்து முடிந்ததும் தட்டைத் தள்ளி வைத்தார். ஒட்டினது ஒரு தடவைக்கு, ரத்தத்தில் வந்தது தலைமுறைக்கு. அவள் சொன்னது அதுதான். கருப்பனின் வழியறியும் ரத்தத்தோடு செவிலியின் வால் வேரில் இருந்த வெள்ளையும் சேர வேண்டுமானால் அதற்கு ஒரே இடம் குஞ்சுதான். பந்தயத்துக்கு விட்டுவிட்டால் குஞ்சுக்குச் சேவல் இருக்குமோ இருக்காதோ.

தீவனக் கடைக்குப் போய், கருப்பனை விடவில்லை என்றார். தங்கப்பாண்டி கம்பு அளந்துகொண்டிருந்த படியைக் கீழே வைத்தார். கடையில் இன்னும் இரண்டு புறாக்காரர்கள் இருந்தார்கள்.

“ஏலே, வல்லூறுக்குப் பயந்து கூண்டுல அடைச்சா அது புறா இல்ல, பிராய்லர் கோழி.”

“இருக்கட்டும் அண்ணாச்சி.”

“அடைச்சு வச்சு என்ன செய்யப் போற?”

“செவிலியோட ஜோடி போடப் போறேன்.”

ஒருவர் டீயைக் குடிப்பதை நிறுத்தினார். தங்கப்பாண்டி குரலைத் தாழ்த்தினார். கேலி போய் உண்மையான வருத்தம் வந்திருந்தது.

“அந்த வெள்ளைக் குண்டியோடயா? இத்தன வருசம் கழுவிக் கழுவி எடுத்தத ஒரே நாள்ல கொண்டுபோய்ச் சாக்கடையில கொட்டுத.”

பால்துரை பையிலிருந்து மூன்று வளையங்களை எடுத்துக் கல்லாப் பலகையில் வைத்தார். கிடைத்த இடத்தைச் சொன்னார். தங்கப்பாண்டி அவற்றைத் திருப்பிப் பார்த்தார். ஒத்துக்கொள்ளவில்லை. வேகமாகப் பறக்கிற புறா வல்லூறிடம் சிக்காது என்று மட்டும் சொல்லிவிட்டுப் படியை எடுத்தார்.

பந்தயத்தன்று காலை பால்துரை மாடியிலேயே நடந்தார். கூண்டுக்குள் கருப்பனும் பலகையின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நடந்தது. அடைத்து வைத்த புறா அப்படித்தான் நடக்கும். பந்தயத்தில் யார் புறா ஜெயித்தது என்று அவர் கேட்கவே இல்லை.

பிப்ரவரியில் முட்டை வந்தது. இரண்டு குஞ்சு. இறகு முளைத்ததும் இறக்கையைத் தூக்கிப் பார்த்தார். பெட்டைக்கு வெள்ளை இருந்தது. சேவல் தகப்பனைப் போலவே முழுக் கறுப்பு. பழக்கத்தில் கை வெள்ளையைத் தனியே ஒதுக்கப் போனது. தன் கையை அவரே பிடித்து நிறுத்த வேண்டியிருந்தது. அடுத்த நிமிடம் அதே கை கறுப்பை ஒதுக்கப் பார்த்தது. அதையும் நிறுத்தினார். கறுப்பில் வேறு என்ன இறங்கியிருக்கிறதோ. நிறத்தை வைத்து முழுப் புறாவையும் கழித்த தவறை இன்னொரு நிறத்தில் செய்ய அவருக்கு விருப்பமில்லை. இரண்டுமே கூண்டில் இருந்தன. வெயில் காலத்தில், வல்லூறு போன பிறகு, இரண்டையும் சிறிது சிறிதாகத் தூரம் கூட்டிப் பழக்கினார். கறுப்புதான் எப்போதும் முதலில் வந்தது.

அடுத்த நவம்பரில் கோபுரத்தில் வல்லூறு வந்து உட்கார்ந்தது. பால்துரை ஒரு வாரம் தள்ளிப்போட்டார். பிறகு தங்கப்பாண்டியின் லோடு வண்டியில் இரண்டையும் கோவில்பட்டிக்கு அனுப்பினார். வீட்டிலேயே வைத்துக்கொண்டால் குஞ்சுக்கு எது இறங்கியிருக்கிறது என்பது யாருக்கும் தெரியாது. அனுப்பினால் தெரியும், ஆனால் இழக்க நேரலாம். இரவெல்லாம் இதையே புரட்டிவிட்டுத்தான் கூடையை மூடினார்.

ஏழேகாலுக்கு மாடியில் இருந்தார். எட்டு மணியாவதற்குச் சற்று முன் உப்பளத்துக்கு மேல் ஒரு புள்ளி தெரிந்தது. அதற்கு மேலே இன்னொரு புள்ளி. மேலேயிருந்தது விழுந்தது. கீழேயிருந்தது புரண்டது. வெள்ளையாக ஏதோ மின்னியது போலிருந்தது. அவ்வளவு தூரத்தில் அவர் கண் பார்த்ததா, ஆசை பார்த்ததா என்று சொல்ல முடியாது. இரண்டும் பிரிந்தன. சற்று நேரத்தில் பெட்டை கூண்டுப் பலகையில் வந்து விழுந்தது. எடுத்து இறக்கையைத் தூக்கினார். தோல் கிழியவில்லை. வெள்ளைத் திட்டில் ஒரு பிடி இறகு இல்லை. அது கையில் படபடவென்று அடித்துக்கொண்டது. உள்ளே விட்டதும் தண்ணீரைக்கூடப் பார்க்காமல் கருப்பனுக்குப் பக்கத்தில் போய் ஒடுங்கியது.

கறுப்பு வரவில்லை. பத்தாயிற்று, பன்னிரண்டாயிற்று. இன்பமணி சாப்பாட்டை மாடிக்கே கொண்டுவந்து தொட்டியின் மேல் வைத்துவிட்டு, பக்கத்தில் நின்று வடக்கே பார்த்தாள்.

மாலையில் தங்கப்பாண்டி போன் செய்தார். வந்ததைக் கேட்டார், வராததைக் கேட்டார். கொஞ்சம் நிறுத்திவிட்டு, ஆறுதலாகத்தான், பழைய வாய்ப்பாட்டைச் சொன்னார்.

“விடுலே. வழி தெரியாதது போனா போவுது.”

“வழி தெரியாமப் போகல அண்ணாச்சி,” என்றார் பால்துரை. “வீட்டுக்குத்தான் வந்துக்கிட்டு இருந்துருக்கும்.”

பால்துரை போனைப் பையில் போட்டார். கூண்டில் கருப்பன் பலகையின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு நடந்துகொண்டிருந்தது. பெட்டை, பிய்ந்த இடத்தை அலகால் கோதத் தொடங்கியிருந்தது. அதற்கு ஏற்ற சேவலைத் தேட வேண்டும், வேகமான சேவலாக. இருட்டுகிறவரை கூண்டின் வாசலை அவர் சாத்தவில்லை.