யாருக்கும் காயமில்லை

திங்கட்கிழமை காலை நான் கயிற்றை இழுத்தபோது அண்ணன் உயிரோடு இருந்தாரா என்று எனக்குத் தெரியாது. ஐந்தாம் மாடியிலிருந்து தெருவரை தொங்கும் கயிறு அது. மேல்முனையில் மணி, கீழ்முனையில் கிளிப். மணி அடித்தால் அவர் தலையை நீட்டுவார். அன்றைக்கு நீட்டவில்லை. ஆனால் கிளிப்பில் அவர் எழுதிய தாள் இருந்ததால் நான் எடுத்துக்கொண்டு கடைக்கு நடந்துவிட்டேன். கணினியில் அடித்து, அச்செடுத்து, கதவில் ஒட்டினேன். பத்து மணிக்கு அவருடைய கீழ்வீட்டுக்காரர் ஓடிவந்து செய்தி சொன்னபோது, இரண்டு பேர் வாசலில் நின்று அதைப் படித்துக்கொண்டிருந்தார்கள்.

பசுந்தாங்கிலுள்ள எங்கள் மொழிபெயர்ப்புக் கடையில் பர்மியத்தில் உள்ள பிறப்புச் சான்றிதழையும் குடும்பப் பட்டியலையும் ஆங்கிலமாக்க உங்களில் பலர் வந்து நின்றிருப்பீர்கள். நீங்கள் பர்மிய மரியாதையில் ஊ சாமி என்று கூப்பிட்ட சாமிநாதன் அண்ணனுக்கு எதிர் மேசையில் பதினோரு வருடம் உட்கார்ந்திருந்தேன். முதல் வாரமே என்னைக் கடிந்துகொண்டார். ஒரு தேதியைத் தப்பாக எழுதி, கிறுக்கி அழித்திருந்தேன். "கிறுக்காத செல்வி. அளவுகோல் வச்சு ஒரே கோடு போடு. அடியில இருக்குறது தெரியணும். பக்கத்துல கையெழுத்துப் போடு. யாரு மாத்துனதுன்னு நாளைக்குக் கேப்பாங்க." அதற்குப் பிறகு நான் கிறுக்கியதில்லை.

வாரந்தோறும் கதவில் ஒட்டும் அந்தத் தாளை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். மேல்பாதியில் பர்மியத்தில் அந்த வாரத்து அமெரிக்க அரசியல்: யார் என்ன கையெழுத்துப் போட்டார், எந்த நீதிமன்றம் தடுத்தது, எந்த விசா இழுபறியில் இருக்கிறது. கீழ்ப்பாதியில் தமிழில், அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்து. மேல்பாதிக்குக் கூட்டம் நிற்கும். கீழ்ப்பாதியை ஈ கூட எட்டிப் பார்க்காது. "இதை யாருண்ணே படிக்கிறா?" என்று சீண்டுவேன். "படிக்க வேண்டியவ படிக்கிறா" என்பார். "கால்பந்துன்னு பேரு. கையில தூக்கிட்டுத்தான் ஓடுறானுங்க. மேல் பாதியும் அப்படித்தான், பேரு ஒண்ணு வேல ஒண்ணு."

படிக்க வேண்டியவள் அவர் மகள் தேவி. அமெரிக்காவில் ஒரு சிறு ஊரில் படிக்கிறாள். அவள் போன புதிதில் ஒருநாள், தெருமுனையில் ராணுவத்தினர் நிறுத்தி அண்ணனின் போனை வாங்கி, செய்தி செய்தியாகத் தள்ளிப் பார்த்தார்கள். ஒன்றும் அகப்படவில்லை. ஆனால் திரும்பி வந்தவர் போனில் இருந்ததையெல்லாம் அழித்தார். அன்று மாலையே அப்பனும் மகளும் ஒரு ஏற்பாடு செய்துகொண்டார்கள். இனிமேல் ஊர் நிலவரம் பேசுவதில்லை. அவள் கல்லூரி அணியைப் பற்றி மட்டும் பேசுவது. தற்காப்பு நன்றாக இருக்கிறது என்றால் வீட்டுக்கு ஆபத்தில்லை. மழையில் ஆட்டம் நின்றது என்றால் மீ இல்லை, மின்சாரம் போய் நாளாகிறது. காயம் என்றால் உடம்பு சரியில்லை. இதை என்னிடமும் சொல்லிவைத்திருந்தார்.

பொய் சொல்லவாவது ஆட்டம் தெரிய வேண்டுமே என்று அதைக் கற்றுக்கொண்டார். ஞாயிறு விடியற்காலையில் அங்கே சனி இரவு. மீ இருந்தால் போனில் பார்ப்பார். ஒருநாள் எனக்கு விளக்கினார்: நாலு வாய்ப்புக்குள் பத்து கஜம் முன்னேற வேண்டும், முன்னேறினால் மறுபடி நாலு வாய்ப்பு. "நமக்கு யாரு மறுபடி தர்றா?" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நம் நாட்டுக்காரர்களுக்கு விசா இல்லை என்ற உத்தரவு வந்த வாரம், மாவ்பியிலிருந்து ஒரு அம்மா மகனின் சான்றிதழ்களோடு வந்திருந்தார். அண்ணன் மேல்பாதியைக் காட்டிப் படிக்கச் சொன்னார். அந்த அம்மா படித்துவிட்டு, "இது எப்போ மாறும், ஊ?" என்று பர்மியத்தில் கேட்டார். "அங்கே காலையில் ஒருத்தர் பேனா எடுக்கிறார், இங்கே நமக்குக் கதவு சாத்துகிறது. எனக்குத் தெரியாது, அம்மா" என்று பர்மியத்திலேயே சொல்லி, கொண்டுவந்த தாள்களை உறையில் போட்டுத் திருப்பிக் கொடுத்தார். அந்தக் கதவு அவருக்கும்தான் சாத்தியது. தேவி வெளியே வந்தால் திரும்பிப் போக முடியாது. வந்தாலோ, ராணுவத்தில் கட்டாயமாகச் சேர்க்கப் பெயர் எடுக்கும் வயது. "எனக்கு என்ன ஆனாலும் அவ வரக்கூடாது" என்று அன்றைக்கு என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

சென்ற மாதத்திலிருந்து மூன்றாம் மாடியில் நின்று மூச்சு வாங்கினார். கேட்டால் வயசு என்றார். நான் நம்பினேன். நம்புவது எனக்குச் சௌகரியமாக இருந்தது, வேறென்ன சொல்ல?

எரியூட்டலைத் தேவி போனில்தான் பார்த்தாள். மறுநாள் என்னை அழைத்தாள்.

"அத்தே, அப்பா ஞாயித்துக்கிழமை தாளைப் படம் எடுத்து அனுப்புனாங்க. நம்ம ஆளு ஒருத்தருக்குக் காயம், நெஞ்சுல அடின்னு எழுதியிருந்தாங்க. நான் ஆட்டத்தை நேர்லயே பாத்தேன். யாருக்கும் ஒண்ணும் ஆகல. போன் பண்ணி, 'அப்பா, தப்பா எழுதிட்டீங்க'ன்னு சிரிச்சேன்."

"அப்பா என்ன சொன்னாரு?"

"'சரிம்மா, நீ சொன்னா சரிதான், திருத்திடுறேன்'னாங்க. நாலு வருஷம் ஆச்சு அத்தே. ஆட்டத்தை ஆட்டமாவே பாக்கப் பழகிட்டேன். காயம்னா என்ன அர்த்தம்னு மறந்துட்டேன்."

மறந்தது அவள் மட்டுமா? தாள் என் கையில் இருந்தது. திருத்தத்தைப் பார்த்து அடித்தேனே தவிர, கோட்டுக்கு அடியில் என்ன இருந்தது என்று பார்க்கவில்லை. பார்த்திருந்தால் கயிற்றை இன்னொரு தடவை இழுத்திருப்பேன், மாடி ஏறியிருப்பேன். இதை அவளிடம் சொல்லவில்லை. அவரைத் தெரிந்த உங்களிடம் சொல்கிறேன்.

கதவில் இப்போது தாள் இல்லை. அவருடைய மேசை, பேனா, அகராதி எதையும் நான் கேட்கவில்லை. கிளிப்பில் தொங்கிய அந்தத் தாளை மட்டும் வைத்துக்கொண்டேன். கீழ்ப்பாதியில் 'நெஞ்சில் காயம்' என்ற சொற்களின் மேல் அளவுகோல் வைத்து ஒரே கோடு. அடியில் இருப்பது தெளிவாகத் தெரிகிறது. அதற்கு மேலே, 'யாருக்கும் காயமில்லை'. பக்கத்தில் அவருடைய கையெழுத்து.