முன்கோடும் பின்கோடும்

நாட்றாம்பாளையத்துப் பெண்கள் ஒருத்தி பின் ஒருத்தியாக மட்டையோடு போனார்கள், அப்படியே திரும்பி வந்தார்கள். யார் மட்டையிலும் பந்து படவில்லை. கெலமங்கலம் அணிக்காகப் பந்து போட்டுக்கொண்டிருந்தவள் பிரியதர்ஷினி. வயது பதின்மூன்றுதான், உயரம் மட்டும் பெரிய வகுப்புப் பெண்களுக்குச் சமம். கையை முழுச் சுற்றாகச் சுழற்றி, இடுப்புக்குக் கீழிருந்து பந்தை விடுவாள். சாஃப்ட்பால் என்று பெயர் வைத்திருக்கிறார்களே தவிர, அந்தப் பந்தில் மென்மையாக ஒன்றும் கிடையாது. எதிரே நிற்பவள் மட்டையை வீசி முடிக்கும்போது, பந்து அவளுக்குப் பின்னாலிருக்கும் கேட்சரின் கையுறைக்குள் போய் உட்கார்ந்திருக்கும். மூன்று முறை தவறவிட்டால் அவுட். போடுகிறவள் நான்கு பந்தை எட்டாத இடத்தில் போட்டுவிட்டால், மட்டைக்காரி அடிக்காமலே, ஓட்டம் எடுக்கச் சுற்றி வர வேண்டிய பேஸ்களில் முதலாவதுக்கு நடந்து போகலாம். ஆனால் பிரியதர்ஷினிதான் தவறாகப் போடுவதே இல்லையே.

சுகுணா மகிழ்ந்திருக்க வேண்டும். கெலமங்கலம் பெண்களைச் சேர்த்து, ஞாயிறுதோறும் ஆட வைப்பவள் அவள்தான். நடுவர் வேலையும் அவளுடையதே. ஆனால் அவள் கண் பிரியதர்ஷினிக்குப் பின்னால் நின்ற பெண்கள் மேலே இருந்தது. பந்து தங்கள் பக்கம் வரப்போவதில்லை என்று அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. ஒருத்தி உட்கார்ந்து ஷூவுக்குள் புகுந்த முள்ளைத் தேடினாள். இன்னொருத்தி வேலியோரம் போய், ஆடு மேய்க்கிற அம்மாவிடம் கதை பேசிக்கொண்டிருந்தாள்.

சுகுணாவுக்கு அந்த நிலை புதிதல்ல. பாரூர்ப் பள்ளியில் படித்தபோது அவளும் அப்படித்தான் மைதானத்தின் கடைசியில் நின்றாள். அவர்கள் அணியில் பந்து போடும் பிட்சர் எல்லாரையும் அவுட்டாக்கிவிடுவாள். கோப்பை வாங்கிய அணியில் சுகுணாவும் இருந்தாள், ஆனால் ஓர் ஆட்டத்தில்கூட அவள் கையில் பந்து வந்ததில்லை.

ஆட்டம் முடிந்ததும் மாதேஷ் வந்தான். நாட்றாம்பாளையத்தில் தக்காளி போடுகிறவன். அக்காள் மகள் ஹரிணிக்காக அந்த ஊர் அணியைத் தொடங்கியவன்.

"சுகுணாக்கா, ஒண்ணு சொல்றன், கோச்சிக்காதீங்க. அடுத்த வாரம் நாங்க வர்ல."

"ஏன்ப்பா, பஸ் கஷ்டமா?"

"பஸ்ஸு எப்பவும் கஷ்டந்தான். ரெண்டு பஸ்ஸு மாறி வந்து காத்துல மட்டைய வீசிட்டுப் போறதுக்கு எதுக்கு வரணும் மாமான்னு புள்ளைங்க கேக்குதுங்க. விசிறணும்னா ஊட்டுலயே அடுப்ப விசிறலாம்ல?"

சுகுணா சிரித்துவிட்டாள். ஆனால் விஷயம் சிரிப்பில்லை. சுற்று வட்டாரத்தில் பெண்களுக்கு இந்த இரண்டு அணிகள்தான். அவர்கள் வராவிட்டால் ஞாயிற்றுக்கிழமை ஆட்டமே கிடையாது.

"ஒரு வாரம் குடு. வந்து பாரு. அப்புறமும் புடிக்கலன்னா நானே கேக்க மாட்டன்."

சுகுணா ஓசூரில் வண்டிகளுக்கான ஒயர் கட்டுகள் செய்யும் ஆலையில் லைன் லீடர். எந்தப் பொருளானாலும் அது ஏன் அப்படி இருக்கிறது என்று குடைந்து பார்க்காமல் அவளால் இருக்க முடியாது. வீட்டு மிக்ஸியை இரண்டு முறை பிரித்திருக்கிறாள்; ஒரு முறைதான் திரும்பச் சேர்த்தாள். சாஃப்ட்பால் பயிற்சியையும் கம்பெனி பஸ்ஸில் போகும்போது போனில் பார்த்துப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டாள்.

மறுநாள் கேன்டீனில், ஞாயிறன்று எடுத்த வீடியோவைத் துளித்துளியாக நகர்த்திக்கொண்டிருந்தாள். பக்கத்தில் வினோதா, அதே லைனில் வேலை செய்பவள்.

"இன்னாடி இது, சோறு ஆறுது."

"இந்தப் பொண்ணு எப்ப மட்டைய வீசறான்னு பாரு."

"வீசறா. பந்து எங்க?"

"அதத்தான் நானும் கேக்கறன். பந்து போயி சேந்துடுச்சு. இவ இப்பதான் கெளம்பறா."

"நம்ம புதுப் பொண்ணு மாதிரியே இருக்குது," என்றாள் வினோதா. "லைன்ல நவுந்து வர்ற போர்டு அவள தாண்டிப் போன அப்புறம் ஒயர எடுப்பாளே!"

சுகுணாவின் கை வீடியோவிலேயே நின்றது. லைன் வேகத்தைக் கூட்டினால் அப்படித்தான் ஆகும். வேலை தெரியாது என்பதல்ல, நேரம் பத்தவில்லை. நேரம் கொடுக்க ஒரே வழி, பந்து வருகிற தூரத்தைக் கூட்டுவது.

பிட்சர் காலை ஊன்ற, பழைய கன்வேயர் பெல்ட்டில் வெட்டிய ஒரு ரப்பர் பட்டை மைதானத்தில் அடித்திருந்தது. மட்டைக்காரி நிற்கிற பிளேட்டிலிருந்து முப்பத்தைந்து அடி. சனிக்கிழமை சாயங்காலம் சுகுணாவும் அவள் கணவன் ஆனந்தும் ஆணிகளைப் பிடுங்கி, பட்டையை ஐந்து அடி பின்னால் அடித்தார்கள்.

ஞாயிறன்று அதைப் பார்த்ததும் பிரியதர்ஷினியின் முகம் சுருங்கியது.

"நா நல்லா போடறன்னு எனக்குத் தண்டனையாக்கா?"

"தண்டனை இல்லடி. இன்னா ஆவுதுன்னு பாக்கலாம்."

"அவங்க அடிக்கறதுக்குப் பழகட்டும். நா எதுக்குப் பின்னால போவணும்?"

"ரெண்டு டீமுக்கும் ஒரே கோடுதான், போ," என்றாள் சுகுணா.

முதல் பாதி அவள் நினைத்தபடியே நடந்தது. நாட்றாம்பாளையத்தின் இரண்டாவது பெண் பந்தைத் தொட்டாள். அது பின்பக்கமாகத் தெறித்துப் பயனில்லாமல் போனது, ஆனாலும் அவள் அணியே எழுந்து கத்தியது. நான்காவது பெண் நேராகவே அடித்து முதல் பேஸுக்கு ஓடினாள். மாதேஷ் துண்டைத் தலைக்கு மேல் சுழற்றினான். சுகுணா தன் மனதுக்குள் கணக்கு சரியாகிவிட்டதென்று நினைத்துக்கொண்டாள்.

பிறகு பந்து போட ஹரிணி வந்தாள்.

ஹரிணி சின்ன உருவம். பழைய கோட்டிலிருந்து அவள் பந்து பிளேட்டுக்கு ஒழுங்காகவே போய்க்கொண்டிருந்தது. வேகம் மட்டும்தான் குறைவு. இப்போது அதே பந்து பிளேட்டுக்கு முன்னாலேயே தரையில் குத்தியது. எட்டவைக்க இன்னும் பலமாக வீசினாள். அது கேட்சர் தலைக்கு மேல் பறந்தது. நான்கு பந்து தப்பு, ஒருத்தி நடந்தாள். மறுபடி நான்கு, இன்னொருத்தி. கெலமங்கலத்துப் பெண்கள் மட்டையைத் தோளிலிருந்து இறக்கவே இல்லை. கோயிலைச் சுற்றுவதுபோல ஒருவர் பின் ஒருவராக பேஸ்களைச் சுற்றி வந்தார்கள். பிரியதர்ஷினி தன் முறை வந்ததும் வெளிப்படையாகவே கொட்டாவி விட்டாள். அதைப் பார்த்து ஹரிணி கையுறையைக் கழற்றிக் கீழே எறிந்தாள்.

எந்த ஞாயிறும் அவர்கள் இவ்வளவு மோசமாகத் தோற்றதில்லை.

"முன்னல்லாம் ஆடித் தோத்தோம்," என்றான் மாதேஷ். அவன் குரலில் கோபம்கூட இல்லை. "இன்னிக்கி நின்னுகிட்டே தோத்துட்டோம். வுடுங்கக்கா."

பஸ்ஸில் போகும்போது அந்தப் பெண்கள் ஒருவரும் சன்னல் வழியாகக் கையாட்டவில்லை.

சுகுணா தான் எங்கே தவறினோம் என்று யோசித்தாள். மட்டை இருக்கிற முனையை மட்டும் பார்த்தாள். பந்து புறப்படுகிற முனையைப் பார்க்கவில்லை. பிரியதர்ஷினிக்கு ஐந்து அடி என்பது கொஞ்சம் வேகம் குறைவது, அவ்வளவுதான். ஹரிணிக்கு அது பந்து போய்ச் சேருமா என்பதே. சமமாக இருக்கட்டும் என்று போட்ட ஒரே கோடு, பலமுள்ளவளுக்கும் இல்லாதவளுக்கும் நடுவிலிருந்த தூரத்தைக் கூட்டிவிட்டது. இது அவளுக்கு வருத்தத்தைவிட அதிகமாக வியப்பைத் தந்தது. அப்படியானால் ஹரிணிக்கு ஏற்ற இடம் எது?

சனிக்கிழமை லீவு போட்டுவிட்டு, அளவு நாடாவைப் பையில் போட்டுக்கொண்டு நாட்றாம்பாளையத்துக்குப் பஸ் ஏறினாள். ராகி அடிக்கிற களம் அப்போது காலியாக இருந்தது. ஹரிணி வந்து, கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"எதுக்கு வந்தீங்க? நாங்கதான் வர்லன்னு சொல்லிட்டமே."

"ஆட்டத்துக்குக் கூப்பிட வர்ல. ஒரு சந்தேகம். நீ போட்டாதான் எனக்குத் தீரும்."

சந்தேகம் என்றதும் ஹரிணியின் கை அவிழ்ந்தது. சுகுணா அடி அளந்து, குச்சியால் தரையில் கோடுகள் கிழித்தாள். ஹரிணி ஒவ்வொன்றாக நின்று போட்டாள். மாதேஷ் பந்தைப் பிடித்துத் திருப்பிக் கொடுத்தான். முப்பத்தைந்தடிக் கோட்டுக்கும் கொஞ்சம் முன்னால் நின்றபோது ஹரிணியின் பந்து மாதேஷின் உள்ளங்கையில் சுள்ளென்று விழுந்தது.

"ஐயோ!" என்று அவன் கையை உதறினான். "இவ்ளோ நாள் இத எங்கடி ஒளிச்சி வச்சிருந்த?"

"அப்ப இதான் ஹரிணி கோடு," என்றாள் சுகுணா. "பிரியதர்ஷினிக்கு அந்தக் கடைசிக் கோடு. அவங்கவங்க கோட்டுல நின்னு போடட்டும்."

மாதேஷின் முகம் மாறியது.

"ஒரே ஆட்டத்துல ரெண்டு கோடா? அவங்க புள்ளைக்கு ஒண்ணு, எங்க புள்ளைக்குப் பிச்சையா ஒண்ணா? வேணாங்கா. தோத்தாலும் பரவால்ல."

"நானும் அங்க இருந்தேதான் போடுவன்," என்றாள் ஹரிணி. அவள் பின்னாலிருந்த அந்தக் கடைசிக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்: "அங்க போவணும்னா நா இன்னா பண்ணணும்?"

சுகுணா குச்சியைக் கீழே போட்டாள். ஆலையில் அவள் லைனுக்கு மேலே ஒரு பலகை மாட்டியிருந்தது. ஒவ்வொருத்தி படத்தின் கீழும் ஒரு வட்டம். வேலை பழகப் பழக அந்த வட்டம் கால் காலாக நிறையும். புதிதாக வந்தவளுக்கு எளிய வேலை கொடுத்தால் யாரும் அதைப் பிச்சை என்று சொல்வதில்லை. தன் வட்டம் எப்போது நிறையும் என்றுதான் எல்லாரும் கேட்பார்கள். கோட்டை ஊருக்கு ஒன்றாக வைக்கக் கூடாது, எட்டிப்பிடிக்க வேண்டியதாக வைக்க வேண்டும்.

"எல்லாரும் முன்கோட்டுலதான் ஆரம்பிக்கணும்," என்றாள் மெதுவாக, தானே யோசித்துக்கொண்டே. "தொடர்ந்து மூணு பேர அவுட்டாக்கினா பின்கோட்டுக்குப் போவணும். பின்னால போயி மூணு பேர நடக்க வுட்டா திரும்ப முன்னால வரணும். எந்த ஊருன்னாலும் இதான்."

"பிரியதர்ஷினியுமா?"

"அவளுந்தான்."

"அவ மொத ஓவர்லயே பின்னால போயிடுவா," என்றான் மாதேஷ்.

"இது கிரிக்கெட் இல்ல மாமா, ஓவர்னு சொல்லாத," என்றாள் ஹரிணி. ஞாயிறன்று வருவதாகச் சொன்னது அவள்தான், மாமனைக் கேட்கவில்லை.

ஞாயிறன்று முன்கோட்டில் நின்று பிரியதர்ஷினி முதல் மூன்று பேரையும் அவுட்டாக்கினாள். "பின்கோடு!" என்று சுகுணா கூவியபோது, போன வாரம் முகம் சுருக்கிய அதே பெண் மைதானம் முழுக்கத் தெரியும்படி நிமிர்ந்து நடந்தாள். அங்கிருந்து போட்டதில் இரண்டு பந்து அடிபட்டது. ஒரு பந்து வெகுதூரம் போய், அங்கே நின்றவள் திகைத்து அதைக் காலால் தடுத்தாள். "கையி எதுக்குடி இருக்குது?" என்று பிரியதர்ஷினி கத்தினாள், கத்திவிட்டு அவளே சிரித்தாள். நாட்றாம்பாளையத்துக்கு முதல் ஓட்டம் கிடைத்தது.

முன்கோட்டிலிருந்து ஹரிணி போட்டதைக் கெலமங்கலத்துப் பெண்களால் சுலபமாக அடிக்க முடியவில்லை, நடந்து போகவும் முடியவில்லை. ஆட்டம் இழுத்துக்கொண்டே போனது. கெலமங்கலம் இரண்டு ஓட்டம் முன்னால் இருந்தபோது, ஹரிணி ஒருத்தியை அவுட்டாக்கினாள். அடுத்தவளையும் ஆக்கினாள். மூன்றாவதாக மட்டையோடு வந்தவள் பிரியதர்ஷினி.

"நீ பின்னால போவறதுக்கு நா வழி வுட மாட்டன்," என்றாள் பிரியதர்ஷினி.

"வழி கேக்கல. நவுந்து நில்லு, அடிபடப் போவுது."

அந்நேரம் அவர்கள் ஏற வேண்டிய அஞ்செட்டி பஸ்ஸின் ஹாரன் சாலைப்பக்கம் கேட்டது. மாதேஷ் பைகளை அள்ளினான்.

"ஏய், பஸ்ஸு! கெளம்புங்க, கெளம்புங்க!"

யாரும் நகரவில்லை. பெஞ்சில் இருந்த பெண்கள் எழுந்தார்கள். எழுந்து பிளேட்டுக்குக் கிட்டே போய் நின்றார்கள்.

"இது போவட்டும் மாமா," என்றாள் ஹரிணி, திரும்பிப் பார்க்காமலே.

மாதேஷ் பைகளோடு சுகுணாவைப் பார்த்தான். "அடுத்த பஸ்ஸுக்கு நேரமாவும்க்கா."

"உக்காருப்பா. டீ சொல்றன்."

கண்டக்டர் விசிலடித்தார். பஸ் புழுதியைக் கிளப்பிக்கொண்டு தேன்கனிக்கோட்டைப் பக்கம் போனது. ஹரிணி கையைச் சுழற்றிப் பந்தை விட்டாள். பிரியதர்ஷினி அதை அடித்தாள். அடி சரியாகவே விழுந்தது. ஹரிணி அன்று பின்கோட்டுக்குப் போகவில்லை.

அவள் பந்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு, ஓடி முடித்து மூச்சு வாங்க நின்ற பிரியதர்ஷினியைப் பார்த்தாள்.

"அடுத்தவள வரச் சொல்லு," என்றாள். "மறுபடி ஒண்ணுல இருந்து எண்ணணும்."