கழுவெளியில் இரண்டாவது சுற்று

எழுபதுகளின் பின்பாதியில் ஒரு கோடை. மரக்காணத்தை ஒட்டிய கழுவெளி ஏரி வற்றி, கண்ணுக்கு எட்டின வரை வெடிப்பு விட்ட கட்டாந்தரையாகக் கிடந்த நேரம். நான் அப்போது உப்பளத்தில் கூலி வேலையில் இருந்தேன்.

என் படிப்பு ஏழாம் வகுப்போடு நின்றுவிட்டது. அதற்குப் பிறகு எந்த ஊரிலும் நான் நிலையாகத் தங்கியதில்லை. ஓட்டலில் மாவாட்டினேன், சூளையில் செங்கல் அடுக்கினேன், லாரியில் கிளீனராக ஏறி டிரைவரானேன். ஓரிடம் ஒத்துவரவில்லை என்றால் சண்டை போடமாட்டேன். மறுநாள் அங்கே இருக்கமாட்டேன், அவ்வளவுதான். மரக்காணத்துக்கும் உப்பு ஏற்ற வந்த லாரியில்தான் வந்தேன். லாரி முதலாளியோடு ஒத்துப்போகவில்லை, இறங்கிக்கொண்டேன். அளத்தில் ஆள் தேவைப்பட்டது, நின்றுவிட்டேன்.

கூனிமேட்டில் சவுக்குக் கட்டை வியாபாரம் செய்த அண்ணன் தம்பி இருவர் இருந்தார்கள். ஊரில் பெரிய பாய், சின்ன பாய் என்பார்கள். சின்ன பாய்க்கு என் வயதுதான் இருக்கும். பழைய ஹெரால்டு கார் ஒன்று வைத்திருந்தார். ஒருநாள் அது அளத்துப் பக்கம் நின்றுபோனபோது நான் இறங்கிப் பார்த்துக் கிளப்பிக் கொடுத்தேன். அன்று முதல் சிநேகம்.

சின்ன பாய்க்குக் கார் என்றால் பைத்தியம். மெட்ராஸிலிருந்து ஒரு மோட்டார் கிளப்காரர்கள் வைகாசியில் கழுவெளித் தரையில் போட்டி நடத்தப் போகிறார்கள் என்ற செய்தியை அவர்தான் கொண்டுவந்தார். ஆட்டோகிராஸ் என்று பெயர். காலி டிரம்களை வளைத்து வளைத்து நிறுத்தி வைப்பார்கள். ஒவ்வொரு வண்டியாகத் தனியாக விட்டு நேரம் பார்ப்பார்கள். டிரம்மைத் தட்டினால் நேரத்தைக் கூட்டிவிடுவார்கள். ஆளுக்கு இரண்டு முறை ஓடலாம், நல்ல நேரம் எதுவோ அதுதான் கணக்கு. ஒரே வண்டியை இரண்டு பேர் ஓட்டவும் அனுமதி உண்டு.

"நீயும் ஓட்டு, நானும் ஓட்டுறேன். யாரு ஃபாஸ்ட்டுனு பாத்துடலாம்" என்றார்.

அது அவருக்கு விளையாட்டு. எனக்கு அப்படி இல்லை. போட்டி முடிந்த கையோடு சின்ன பாய் துபாய்க்குப் போவதாக இருந்தது. பெரிய பாய்க்கு ஸ்டியரிங் பிடிக்கத் தெரியாது. வண்டியை விற்றுவிடலாம் என்பது அண்ணன் எண்ணம். என்னை டிரைவராக வைத்துக்கொண்டு வீட்டுக்கும் வாடகைக்கும் ஓட்டலாம் என்பது தம்பி எண்ணம். அதை அவர் சொன்னபோது பெரிய பாய் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இவனா? இன்னிக்கு இங்க இருக்கான். நாளைக்கு எந்த ஊர்ல இருப்பானோ அவனுக்கே தெரியாது. வண்டியோட போயிட்டான்னா எங்க போய்த் தேடுறது?"

என் முன்னால்தான் சொன்னார். அவர் சொன்னதில் பொய் இல்லை என்பதால் எனக்குக் கோபம் வரவில்லை.

"அண்ணே, ரேஸ்ல ஓட்டட்டும். ஆளு எப்படினு நீயே வந்து பாரு" என்றார் தம்பி.

"பாக்குறேன். வண்டி மொதல்ல வண்டியா திரும்பி வரட்டும்."

அந்த வேலை கிடைத்தால் எனக்கு ஒரு ஊர் கிடைக்கும். அதுவரை எதுவும் இந்த அளவுக்கு வேண்டும் என்று நான் நினைத்ததில்லை. நன்றாக ஓட்டிக் காட்டிவிடுவது என்று முடிவு செய்தேன்.

அளத்து வேலை முடிந்த பிறகு, பொழுது சாய்வதற்குள் கழுவெளிக்குப் போய்விடுவோம். பழைய சாக்குகளில் மண் நிரப்பி டிரம்களுக்குப் பதிலாக வைத்துக்கொண்டோம். முதல் நாளே தெரிந்துவிட்டது, வண்டி எங்கள் பேச்சைக் கேட்காது என்று. ஹெரால்டில் பின்சக்கரம் இரண்டும் தனித்தனியாக ஏறி இறங்கும். வேகமாகத் திரும்பும்போது பின்பக்கம் மேலே எழும்பும். உடனே வெளிப்பக்கத்துச் சக்கரம் வண்டியின் வயிற்றுக்கு அடியில் மடங்கும். வண்டி தட்டாமாலை சுற்றிவிட்டுப் புழுதிக்குள் நிற்கும்.

டிக்கியில் இரண்டு மூட்டை உப்பை ஏற்றிப் பார்த்தேன். பின்பக்கம் தணிந்தது. காலை அகட்டி வைத்து நிற்கிற ஆள் மாதிரி சக்கரம் இரண்டும் கீழே விரிந்து நின்றன. அப்புறம் மடங்கவில்லை. ஆனால் பாரத்தோடு வண்டி எங்கே ஓடும்? பாரம் இல்லாமலே அதே தணிவு வேண்டும். திண்டிவனத்தில் லேத் பட்டறையில் ஒரு கனத்த இரும்புத் தட்டு அறுத்து வாங்கி, பின்பக்கத்துப் பட்டை ஸ்பிரிங்குக்கு அடியில் கொடுத்து முறுக்கினோம். போல்ட்டு நீளம் போதாமல் அதற்காக இன்னொரு முறை போக வேண்டியிருந்தது. மூட்டையை இறக்கிய பிறகும் பின்பக்கம் தணிந்தே நின்றது.

டயரில் எவ்வளவு காற்று வைப்பது என்பது அடுத்த தகராறு. அளத்தில் என்னோடு வேலை செய்த அக்காவிடம் வெற்றிலைச் சுண்ணாம்பு கேட்டு வாங்கினேன். டயரின் ஓரத்தில் கோடு இழுத்துவிட்டு ஓட்டினேன். கோடு முழுக்கத் தேய்ந்து அழிந்திருந்தால் டயர் அதிகமாகப் புரளுகிறது, காற்று போதாது. கோடு அப்படியே இருந்தால் காற்று அதிகம். பாதி அழியும் வரை பம்ப் அடிப்பதும் இறக்குவதுமாகச் சில நாட்கள் போயின.

"சுண்ணாம்ப வாங்கிட்டுப் போறானே, வெத்தல எங்கடானு கேட்டா, காருக்குப் போடுறானாம்!" என்று அக்கா அளம் முழுக்கச் சொல்லிச் சிரித்தது.

வண்டி சரியாகிவிட்டது. நான்தான் சரியாகவில்லை. சின்ன பாய் ஓட்டினால் வளைவில் வண்டி வழுக்கிக்கொண்டு போய் நேராகிவிடும். நான் ஓட்டினால் அதே இடத்தில் வால் எகிறும். லாரி ஓட்டின கால் எனக்கு. மிதித்தால் அடி வரை மிதிப்பேன், எடுத்தால் ஒரேயடியாக எடுப்பேன்.

"லாரிக்காரரே, அது ஆக்சிலேட்டர்பா. கரப்பான்பூச்சி இல்ல" என்பார்.

உப்பில் நின்று நின்று என் உள்ளங்கால் வேறு தோல் தடித்துப் போயிருந்தது. பெடல் எவ்வளவு அமுங்குகிறது என்பதே தெரியாது. சுடுதண்ணீரில் காலை ஊறவைத்துத் தேங்காய் நாரால் தேய்த்துத் தேய்த்து மெலிதாக்கினேன். எரிந்தது. ஆனாலும் பெடல் காலுக்குத் தெரிய ஆரம்பித்தது. வால் எகிறுவது மட்டும் நிற்கவில்லை.

அந்தச் சமயத்தில் திடீரென்று ஒரு கோடை மழை பெய்து உப்புப் பாத்திகளைக் கெடுத்துவிட்டது. இப்படி ஆனால் தண்ணீரை வடித்துவிட்டு, பாத்தியின் களிமண் தரையைக் காலால் மிதித்து மறுபடியும் இறுக்க வேண்டும். தரை இறுகினால்தான் உப்பு வெள்ளையாக வரும். வரிசையாக நின்று, அடி அடியாகப் பின்னால் நகர்ந்துகொண்டே மிதிப்போம். என் பக்கத்தில் அந்தச் சுண்ணாம்பு அக்கா.

"ஏம்பா லாரி, காலப் புடுங்காத. தரையும் சேந்து வருது பாரு."

நான் மிதித்த இடத்தைப் பார்த்தேன். ஒவ்வொரு தடத்திலும் களிமண் பிய்ந்து பள்ளமாகக் கிடந்தது. அக்காவின் பக்கம் மெழுகிவிட்ட மாதிரி இருந்தது.

"அழுத்தித்தான மிதிக்கிறேன்?"

"வெக்கிறதெல்லாம் ஒழுங்காத்தான் வெக்கிற. எடுக்கிறதுக்குத்தான் உனக்கு அவசரம். பாரம் அந்தக் காலுக்குப் போவட்டும், அப்புறம் இந்தக் கால எடு. எவன் தொரத்துறான் உன்ன?"

பாத்தியில் நின்றபடியே எனக்கு ஹெரால்டின் வால் ஞாபகம் வந்தது. வளைவுக்குள் போய்விட்டுப் பயத்தில் ஆக்சிலேட்டரிலிருந்து காலைப் பிடுங்குகிறேன். பாரம் முழுக்க ஒரே நொடியில் முன்னால் பாய்கிறது. பின்பக்கம் வெறுமையாகி எழும்புகிறது. அன்று முழுக்க ஒவ்வொரு அடியையும் பார்த்துப் பார்த்து எடுத்தேன். தரை காய்ந்து மறுபடியும் வண்டியில் உட்கார்ந்தபோது, வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, உள்ளே போன பிறகு காலைக் கொஞ்சம் கொஞ்சமாக மட்டுமே தளர்த்தினேன். வால் எகிறவில்லை. சின்ன பாய் எதுவும் சொல்லாமல் பீடி பற்ற வைத்தார். அவர் கேலி செய்யாமல் இருந்தால் நன்றாக ஓட்டினேன் என்று அர்த்தம்.

போட்டி நாளில் ஏரிக்கரை நிறையக் கூட்டம். மெட்ராஸ் வண்டிகள் பளபளவென்று வந்து நின்றன. ஐஸ்காரன் மணி அடித்துக்கொண்டு சுற்றினான். பெரிய பாய் குடை பிடித்துக்கொண்டு தள்ளி நின்றார். சின்ன பாய் முதலில் ஓடினார். ஒரு டிரம்மைக்கூடத் தொடாமல் வந்தார். வண்டியை என்னிடம் கொடுத்துவிட்டு, "போய்ட்டு வா" என்றார்.

கொடி ஆடியது. அத்தனை கண்களும் என் மேல் இருக்கின்றன என்ற நினைப்பு மட்டும்தான் எனக்குள் இருந்தது. பாத்தியில் கற்றது, கழுவெளியில் பழகியது எல்லாம் மறந்துவிட்டது. மூன்றாவது வளைவில் தேவைக்கு மேல் வேகமாக நுழைந்தேன். பயந்தேன். காலைப் பிடுங்கினேன்.

பின்பக்கம் எழும்பியது. எனக்கு வலப்பக்கக் கண்ணாடியில் தரை மட்டும் தெரிந்தது, இடப்பக்கத்தில் வானம் மட்டும் தெரிந்தது. வண்டி இரண்டு சக்கரத்தில் நின்றது. தொலைந்தோம் என்று நினைத்தபோது தடாலென்று நாலு சக்கரத்திலும் விழுந்து, சுழன்று, இரண்டு டிரம்களை உருட்டிவிட்டு, வந்த வழியைப் பார்த்து நின்றுபோனது. "கவுந்தாண்டா!" என்று கரையில் ஒரே சிரிப்பு. கிளப்காரர் ஒருவர் வந்து வண்டியை ஓரமாகத் தள்ளச் சொன்னார். நிமிர்ந்து பார்த்தேன். பெரிய பாய் திரும்பி ரோட்டுப் பக்கம் நடந்துகொண்டிருந்தார்.

சாவியை உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நானும் கரை ஏறினேன். ரோட்டோரம் உப்பு லாரி ஒன்று நின்றிருந்தது. டிரைவர் எனக்குப் பழக்கம்.

"இன்னாடா, ஷோ முடிஞ்சிதா? மெட்ராஸ் போறேன். கிளீனர் பையன் வரல. ஏறிக்கிறியா?"

கதவின் கைப்பிடியில் கை வைத்துவிட்டேன். எனக்கென்று அந்த ஊரில் இருந்தது இரண்டு சட்டையும் ஒரு போர்வையும்தான். விட்டுவிட்டுப் போனாலும் நஷ்டமில்லை. இப்படித்தான் ஒவ்வொரு ஊரையும் விட்டிருக்கிறேன். அப்போது சட்டைப் பையில் இருந்த சாவி மார்பில் இடித்தது. அதைக் கொடுத்துவிட்டாவது போக வேண்டும்.

"இருண்ணே, சாவியக் குடுத்துட்டு வந்துடுறேன்."

திரும்பிப் போனபோது சின்ன பாய் வண்டிக்கு அடியில் படுத்திருந்தார். கால் மட்டும் வெளியே தெரிந்தது. என் காலைப் பார்த்தே நான்தான் என்று தெரிந்துகொண்டார் போலிருக்கிறது.

"ஒண்ணும் ஆவல. ஸ்பிரிங் தட்டு அப்படியே இருக்குது. பின்னால வலது டயர்ல மட்டும் காத்து எறங்கியிருக்குது. பம்ப்ப எடு. உன் நம்பர் வந்துடப் போவுது."

ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்கவில்லை. திட்டவும் இல்லை. நான் மறுபடியும் ஓட்டுவேன் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. எனக்குத்தான் இருந்தது. ரோட்டில் லாரி ஹாரன் அடித்தது. மறுபடியும் அடித்தது. நான் பம்ப்பை எடுத்துக் காற்று அடிக்க ஆரம்பித்தேன். லாரி கிளம்பிப் போகும் சத்தம் கேட்டது.

வரிசையில் காத்திருந்தபோது பக்கத்து வண்டிக்காரர்கள் என்னைக் காட்டிச் சிரித்துப் பேசினார்கள். கூட்டத்திலிருந்து ஒருவன், "அண்ணே, இந்தத் தடவ ஃபுல்லா கவுத்துடு!" என்று கத்தினான். வெயிலில் தகரம் தீயாய்ச் சுட்டது. வலது பாதத்தை மட்டும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கொடி ஆடியது. மூன்றாவது வளைவுக்கு முன்பே, நேராக இருக்கும்போதே வேகத்தைக் குறைத்தேன். உள்ளே நுழைந்ததும் பயம் அதே இடத்தில் வந்தது. காலை எடு எடு என்றது. எடுக்கவில்லை. பாரம் பின்சக்கரத்தில் உட்கார்ந்ததை முதுகு உணர்ந்தது. வெளிப்பக்க டயர் அழுத்திப் பிடிக்க, வண்டி புழுதியை வாரி இறைத்துக்கொண்டு வழுக்கி, அடுத்த டிரம்மைப் பார்த்துத் தானாக நேராகியது. மிச்ச வளைவுகள் எப்படிப் போயின என்று சரியாக நினைவில்லை. கோட்டைத் தாண்டி நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். எந்த டிரம்மும் விழவில்லை.

ஐந்தாவது இடம். கோப்பை மெட்ராஸ்காரருக்குப் போனது. சின்ன பாயைவிட என் நேரம் நன்றாக இருந்தது. "என் வண்டியிலயே என்னத் தோக்கடிச்சிட்டியே, பாவி" என்று முதுகில் ஓங்கி ஒரு அறை வைத்தார்.

பெரிய பாய் வீட்டுக்குப் போகவில்லை. கூட்டம் கலைந்த பிறகு வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்தார். டிரம் இடித்த இடத்தில் பம்பர் நெளிந்திருந்தது. விரலால் தடவினார்.

"இதத் தட்டி எடுத்துடு" என்றார். அப்புறம் என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்: "அந்த லாரிக்காரன் உன்னக் கூப்ட்டப்போ நானும் அங்க ரோட்டுலதான் நின்னுட்டு இருந்தேன்."

நான் குனிந்து பம்பரின் நெளிவைப் பார்த்தேன்.

"வெள்ளிக்கெழம அம்மாவ பாண்டிக்கு ஆஸ்பத்திரிக்கு அழைச்சிட்டுப் போவணும். காலையிலயே வந்துடு. அவங்களுக்கு வயசாயிடுச்சு. மெதுவா ஓட்டணும்."

வெள்ளிக்கிழமை போனேன். அதற்குப் பிறகு அந்த வீட்டு வண்டியைப் பல வருஷம் ஓட்டினேன். போட்டியில் மறுபடியும் கலந்துகொள்ளவில்லை, அந்த வாய்ப்பும் வரவில்லை. கல்யாணம், பிள்ளைகள் எல்லாம் இந்தக் கடற்கரையிலேயே நடந்தன. கஷ்டங்களும் வராமல் இல்லை. ஆனால் எல்லார் முன்னாலும் அசிங்கப்பட்டு, எங்கேயாவது ஓடிவிடலாம் என்று மனசு சொல்கிற ஒவ்வொரு முறையும், போவதானாலும் மிச்சமிருக்கும் ஒரு சுற்றை ஓடிவிட்டுப் போகலாம் என்று நின்றுவிடுகிறேன். ஓடி முடித்த பிறகு ஒரு தடவைகூட எனக்குக் கிளம்பத் தோன்றியதில்லை.