முருகன் படத்து நீல விளக்கு

விழுப்புரம் பஸ் ஷெட்டில் சக்கரபாணி போடும் ஒயர் ஜாயிண்டுக்கு ஒரு புகழ் உண்டு. ஒருமுறை அதை எருமை வாலில் கட்டி இழுத்துப் பார்த்தார்களாம். வால்தான் அறுந்தது. அந்த மொட்டை எருமை கோலியனூர்ப் பக்கம் மேய்ந்ததைப் பார்த்தவர்கள்கூட உண்டு.

வித்தை பெரிதல்ல. சேர வேண்டிய ஒயர்களின் தோலைச் சீவி, செம்பு இழைகளை ஒன்றாக முறுக்கி, அந்தக் கட்டின் பருமனுக்குத் தகுந்த ஸ்லீவை, அதாவது விரல் நுனியளவு செப்புக் குழலை, மாட்டி நசுக்க வேண்டும். பெரிதானால் ஒயர் நழுவும்; சிறிதானால் நுழையாது. சக்கரபாணி பார்த்த மாத்திரத்தில் அளவு சொல்லிவிடுவான்.

அப்பேர்ப்பட்டவனைத் தப்பு செய்ய வைத்தது பெண்டாட்டி மேலிருந்த ஆசை.

செண்பகத்துக்குத் திண்டிவனத்தில் நர்ஸ் வேலை. கல்யாணமான நாளாக அவள் அங்கே, இவன் இங்கே. வெள்ளிக்கிழமை சாயங்காலம் விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் போகும் பஸ்ஸில், முருகன் படத்துக்கு நீல விளக்கு எரிந்தால் ஞாயிறு அவனுக்கு லீவு என்று அர்த்தம். பஸ் ஸ்டாண்டில் அதைப் பார்த்ததும் அவள் ஞாயிறு டியூட்டியை மாற்றிக்கொள்வாள்.

அந்த வெள்ளிக்கிழமை பஸ்ஸையே மாற்றிவிட்டார்கள். வந்த பஸ்ஸில் நீல விளக்கு கிடையாது. விளக்கை மாட்டி, நாலு ஒயர் ஜாயிண்டைப் பிரித்து ஐந்தாவதைச் சேர்த்தான். பெரிய ஸ்லீவ் ஸ்டோரில். ஸ்டோர்காரரோ டீ குடிக்கப் போயிருந்தார். டிரைவர் இருதயராஜ், "ஜல்தி, ஜல்தி" என்று ஹாரனை அழுத்தினார். சக்கரபாணி ஒவ்வொரு ஒயரிலும் கொஞ்சம் இழையை நறுக்கி, சின்ன ஸ்லீவிலேயே திணித்து நசுக்கிவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை போய் நின்றால், செண்பகம் வெள்ளைப் புடவையோடு ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்தாள்.

"இன்னாங்க, திடுதிப்புன்னு?"

"விளக்கு எரியலையா?"

"முருகன் இருட்டுலதான் வந்தாரு. என் லீவைக் கூட வேலை பாக்குற தேவகிக்குக் குடுத்துட்டேன். அவ புருஷனோட மரக்காணம் போய்க்கினு இருக்கா."

அவன் நடந்ததைச் சொன்னான். "இழையை நறுக்கினா சூடு தாங்குமா? வழியிலேயே விட்டுடுச்சி."

"எருமை இழுத்தாலும் வராதுன்னு எங்க அம்மாகிட்ட பெருமை அடிச்சீங்களே!"

சிரித்தாள், கண் சிரிக்கவில்லை. உள்ளே மணி அடித்தது. அவன் கொண்டுவந்த மல்லாட்டை உருண்டையில், வேர்க்கடலை மணக்க, ஒரு கடி கடித்து, மீதியை அவன் கையில் திணித்துவிட்டு ஓடினாள். திரும்பும் பஸ்ஸில் விக்கிரவாண்டி வரைக்கும் அவன் அதைத் தின்னவில்லை.

மறுநாள் அந்த ஜாயிண்டை வெட்டி எறிந்தான். இழை ஒன்றும் குறையாமல் ஐந்தையும் முறுக்கி, பெரிய ஸ்லீவ் மாட்டி நசுக்கி, காலை ஊன்றிக்கொண்டு இழுத்தான். அசையவில்லை. அந்த வார வெள்ளிக்கிழமை சோதித்துப் பார்க்கப் போட்ட விளக்கை அணைக்க மனம் வரவில்லை. லீவோ இன்னும் கேட்கவே இல்லை; பஸ் நீலமாகக் கிளம்பிப் போய்விட்டது.

சனிக்கிழமை காலை இருதயராஜ் இறங்கி வந்தார். "செண்பகம் தங்கச்சி கேக்கச் சொல்லிச்சுப்பா. அது போன வாரத்து வெளிச்சமா, இந்த வாரத்ததா? எதுவானாலும் டியூட்டியை மாத்திட்டுதாம்."

சக்கரபாணி பிளேயரைக் கீழே வைத்துவிட்டு, லீவு கேட்க மேஸ்திரியைத் தேடி ஓடினான்.